பதினெட்டு வளைவும் முன்னூற்றுப் பத்து லீற்றரும்

ரொபினுக்கு நான் முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய் கடன். கைநீட்டி வாங்கிய காசு அல்ல. அவனுடைய சம்பளத்தில் மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறாகப் பதினைந்து மாதம் நான் வெட்டிய காசு. வெட்டும்போது நியாயம் என்றுதான் நினைத்தேன். அது கடன் என்று விளங்கப் பதினொரு வருசம் போனது.

எங்கள் வேன் உரிமையாளர் சங்கத்து மலருக்கு என்னைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். என்னைப் பற்றி எழுத நாற்பது பக்கமும் காணாது. அதனால் ரொபினைப் பற்றி எழுதுகிறேன். அதற்குள் நானும் வந்துதான் தீருவேன்.

நான் கோணாமலை, மட்டக்களப்புப் பக்கம் தேற்றாத்தீவு. நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பதின்மூன்று வயதில் உன்னிச்சைக்குப் போய் எருமைத் தயிர்ச் சட்டி வாங்கி, சைக்கிளின் பின்னால் அடுக்கிக் கட்டி, பட்டணத்துக்குக் கொண்டுவந்து விற்றேன். வழியில் சட்டி உடைந்தால் அது என் காசு. பட்டியில் தந்தவரும் குறைக்கமாட்டார், கடைக்காரரும் பொறுக்கமாட்டார். ஆரிடம் உடைந்ததோ அவர்தான் கட்ட வேண்டும். அந்தக் கணக்கில்தான் வளர்ந்தேன். நாற்பத்திரண்டாம் வயதில் முதல் வேன் வாங்கினேன். இன்றைக்கு மூன்று வேன், ஓட்டு வீடு, வங்கியில் ஒரு சதக் கடன் இல்லை. படித்தவர்கள் பலர் என்னிடம் வாடகைக்கு வேன், ஹயர் என்று கேட்டு வந்து வாசலில் நிற்கிறார்கள்.

என் வேன்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பயணம் புறப்படும் முன் தாங்கியில் டீசல் வாய்மட்டம் அடிக்க வேண்டும். திரும்பி வந்ததும் அதே இடத்தில் மறுபடி வாய்மட்டம். எத்தனை லீற்றர் பிடிக்கிறது என்று நானே நின்று பார்ப்பேன். பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர். அதற்கு மேலே போனால் சாரதி கட்ட வேண்டும்.

சாரதிமார் அழுவார்கள். அழாமல் ஓடுவதற்கு வழியும் நானே சொல்லிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் பெரிய ஏற்றம் என்றால் கல்லடிப் பாலம்தான். வாவிக்கு மேலே பாலத்தின் நடுவுக்கு வந்ததும் நியூட்றலில் விட்டால், ஒரு சொட்டு எரிக்காமல் அந்தப் பக்கம் கனதூரம் உருளலாம். அதை நான் கண்டுபிடித்தேன். இறக்கம் வந்தால் நியூட்றல், வேகம் கூடினால் பிரேக். பாலமானாலும் மலையானாலும் இறக்கம் இறக்கம்தானே என்பது என் கணக்கு.

இனி ரொபின்.

ரொபின் பட்டணத்துப் பறங்கி, போர்த்துக்கீசர் வழி வந்தவன். தகப்பன் ஆர்னோல்ட், லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்தியவர். அதனால் ரொபின் வாலிபத்தில் ஆறு வருசம் அங்கே கொழுந்து லொறி ஓட்டினான். பிறகு ஊருக்கு வந்தான். கடற்கரையில் டச் பார் என்ற இடத்தில் இருந்த வீட்டைச் சுனாமியில் கடல் எடுத்தது. பனிச்சையடியில் கிடைத்த வீட்டில் தங்கச்சி ஹெதரோடு இருக்கிறான். இரண்டு பேருமே கல்யாணம் செய்யவில்லை. தங்களுக்குள் பறங்கிப் பாசை கதைப்பார்கள். என்னைப் பற்றிக் கதைக்க வந்தால் மட்டும் தமிழுக்கு மாறுவார்கள், எனக்கு விளங்கட்டும் என்று.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் எங்கள் பக்கத்துச் சனமெல்லாம் மலை பார்க்கப் புறப்பட்டது. அந்த நேரம்தான் ரொபினை வேலைக்கு எடுத்தேன். நல்ல ஆளை எடுக்க எனக்குத் தெரியும். மகியங்கனை தாண்டி ஹசலக்க என்ற ஊருக்கு மேலே கண்டி வீதி மலையில் ஏறுகிறது. வலைக்கயிற்றைக் கூட்டி எறிந்த மாதிரி பதினெட்டு வளைவு. மற்றச் சாரதிமார் அதில் உயிரைக் கையில் பிடித்து ஏறுவார்கள். ரொபின் ஏறும்போது கதைத்துக்கொண்டு ஏறுவான். "இப்ப இடது பக்கம் பாருங்க" என்பான். அவன் சொல்லி ஐந்து வரை எண்ணினால் மரம் விலகி, கீழே மகாவலி வெளி முழுவதும் திறக்கும். "கோணாமலைட வேன்ல போனா மலை தன்னால வந்து காட்டும்" என்று சனம் சொன்னது. என் வேன் என்றுதான் சொன்னது.

இரண்டாயிரத்துப் பதினாலாம் ஆண்டு, ஆவணி மாதம். கல்லடியில் கல்யாணம் முடித்த ஒரு சோடி, கல்யாணப் படத்தில் மலையும் வரவேண்டும் என்று கேட்டு வேன் எடுத்தார்கள். வீடியோக்காரனும் கூட. மேலே படம் பிடித்து முடித்துவிட்டு இறங்கும்போது, பாதி மலையில் பிரேக் புகைந்தது. பிறகு கால் வைத்தால் தரைமட்டும் போனது. ரொபின் வேனை மலைச்சுவர்ப் பக்கம் ஒதுக்கி, ஓரத்து நீர்க்கானுக்குள் ஒரு பக்கத்துச் சில்லு இரண்டையும் இறக்கி, உரசி உரசி நிற்பாட்டினான். ஒருவருக்கும் நகக்கீறல்கூட இல்லை. மாப்பிள்ளை மட்டும் காலையில் தின்றதைச் சத்தி எடுத்தார். வீடியோக்காரன் கமராவை நிற்பாட்டவே இல்லை. அந்தச் சோடி இன்றைக்கும் தாலி கட்டுகிற இடத்தைவிட அந்த இடத்தைத்தான் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்களாம்.

எனக்கு வேனின் பக்கத்தகடு போயிற்று. முன் பம்பர் போயிற்று. பிரேக் லைனர், ட்ரம் எல்லாம் புதிது போட்டேன். முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு.

"முதலாளி, இந்தமுறை நியூட்றல்லதான் இறங்கணும் எண்டு நீங்க சொன்னீங்க. நான் இறங்கினன்" என்றான் ரொபின்.

"நானும் நியூட்றல்லதான் இறங்கிறன். எனக்கு ஒருநாளும் பிரேக் விடல்லியே!"

"மணக்கல்லியா?"

"மணக்கும்தான். மலையெண்டா மணக்கும்."

அவன் என்னைப் பார்த்தான். ஆரிடம் உடைந்ததோ அவர் கட்ட வேண்டும் என்று நான் வெட்டினேன். பதினைந்து மாதமும் ஒருநாள் பிந்தாமல் வேலைக்கு வந்தான். பதினைந்தாம் மாதம் முடிந்த அன்று வேன் திறப்பைச் சாவிக்கொத்தோடு மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. பட்டணத்து வேன் தரிப்பிடத்தில் ஹயர் பிரித்துக் கொடுக்கிறவர் காத்தான்குடி மஜீட். அவரிடம், ஆட்கள் நிற்கிற நேரம் பார்த்து, "மலைக்கு ரொபினைப் போட்டுடாதீங்க, பிரேக்கைத் தின்டுடுவான்" என்றேன். சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனுக்கு 'பிரேக் ரொபின்' என்று பெயர். பட்டணத்தில் ஒரு முதலாளியும் அவனை மலைக்கு அனுப்பவில்லை. அவன் கல்லடிக்கும் பட்டணத்துக்கும் நடுவே பள்ளிக்கூட வேன் ஓட்டினான். மலையில் கதைத்துக்கொண்டு ஏறினவன், பத்து வருசமாக ஒரே பாலத்தில் காலையும் மத்தியானமும் ஏறி இறங்கினான்.

வழியில் என்னைக் கண்டால் முகம் திருப்பமாட்டான். வேனை மெதுவாக்கி, தலையை வெளியே நீட்டி ஒன்று மட்டும் கேட்பான்.

"மலை எப்பிடி இரிக்கி, முதலாளி?"

சுகமில்லாத சொந்தக்காரரை விசாரிக்கிற மாதிரிக் கேட்பான்.

"நிக்கிது" என்பேன் நான். அவ்வளவுதான் எங்கள் கதை.

இந்த வருசம் பள்ளிக்கூட விடுமுறைக்குக் கனடாவிலிருந்து அஜந்தா வந்தாள். என் தம்பி முறையான ஒருவரின் மகள். பன்னிரண்டு வயதில் போனவளுக்கு இப்போது நாற்பது. மலைப்பாதைகளைப் படம் பிடித்து இணையத்தில் போடுவது அவளுடைய தொழில். அதில் கதை இல்லை, பாட்டு இல்லை. பாதை மட்டும் ஓடும். எஞ்சின் சத்தம், காற்று, ஒரு வளைவு, இன்னொரு வளைவு. இதைப் போய் ஆர் பார்ப்பார்கள் என்று கேட்டேன்.

"நித்திரை வராத சனம் பார்க்கும் பெரியப்பா. இலட்சக் கணக்கில இருக்கு."

"எங்கட மலையில அப்பிடி என்னத்தக் கண்டாய் புள்ள? நீ பனிமலையெல்லாம் பிடிச்சவள்."

"உயரம் முக்கியமில்ல. மேல நிண்டா, ஏறி வந்த பாதை முழுக்கக் கீழ தெரியணும். அப்பிடிப் பாதை உலகத்தில கொஞ்சம்தான். மற்றது, உங்கட மலை கிழக்க பார்த்திருக்கு. காலை வெயில் நேரா அதின்ர முகத்தில விழும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வெயில் எங்கள் கடலில் எழும்பிப் போகிற வெயில்தானே. வேறு சாரதி வேண்டாம், நானே ஓட்டுகிறேன் என்றேன். எழுபத்தொரு வயதில் கண்ணாடி போடாமல் ஓட்டுகிறவன் நான்.

வாய்மட்டம் அடித்துக்கொண்டு விடியப் புறப்பட்டோம். அஜந்தா ஒரு கமராவை முன் கண்ணாடியில் ஒட்டினாள். சின்னது ஒன்றைக் கீழே, என் கால் தெரிய வைத்தாள்.

"என்ர கால என்னத்துக்குப் பிடிக்கிறாய்?"

"வளைவில சாரதியிட கால் என்ன செய்யுது எண்டு பார்க்க ஆக்களுக்கு விருப்பம்."

"அப்ப சப்பாத்துப் போட்டு வந்திருப்பனே!"

ஏறினது நன்றாகத்தான் இருந்தது. மேலே தேத்தண்ணி குடித்துவிட்டு, வழக்கம்போல நியூட்றலில் விட்டு இறங்கினேன். வேன் சந்தோசமாக ஓடியது. வளைவு வந்ததும் பிரேக்கில் நின்றேன். விட்டேன். மறுபடி ஓடியது. மறுபடி நின்றேன். பாதிக்குக் கீழே வரும்போது மணம் தொடங்கியது. மலை மணம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்சில்லுப் பக்கம் வெள்ளையாகப் புகை எழும்பியது. ஒரு சோளக் கடைக்கு முன்னால் ஒதுக்கினேன்.

சோளம் அவிக்கிற பொம்பிளை எங்களை ஒன்றும் கேட்கவில்லை. ஆயத்தமாக வைத்திருந்த ஒரு வாளித் தண்ணீரோடு எழும்பி வந்தாள். சந்தைச் சிங்களம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஆருக்கு இந்தத் தண்ணி?" என்று கேட்டேன்.

"கீழ் நாட்டு வேன்களுக்கு" என்றாள். "மட்டக்களப்பா, பொலன்னறுவையா?"

லைனர் பழசு என்று அஜந்தாவிடம் சொன்னேன். அவள் தன் கமராவைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் வேன் முன்னுக்குக் குனிந்து குனிந்து எழும்பியது. மலை, வானம், வெளி எல்லாம் வாவியில் ஆடுகிற தோணியில் இருந்து பார்த்த மாதிரி மேலும் கீழும் போயிற்று.

"இதைப் போட்டா நித்திரை வராது பெரியப்பா, சத்திதான் வரும்" என்றாள். "மெதுவா, ஒரே சீரா இறங்கிறதுக்குத் தெரிஞ்ச ஆள் இங்க இல்லையா? எனக்கு இன்னும் ஒரு காலைதான் இருக்கு. ஞாயிறு விமானம்."

"என்னை விடத் தெரிஞ்ச ஆள் மட்டக்களப்பில இல்ல" என்றேன்.

வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போது அவள் அதையே மறுபடியும் கேட்டாள். என் மனைவி சின்னத்தங்கம் கறிச்சட்டியில் கரண்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன் இல்ல? ரொபின் இரிக்கான்தானே."

"நீ சும்மா இரி."

"பதினொரு வருசமா நான் சும்மாதான் இரிக்கன். மலைக்குப் போய் வந்தா உங்கட சட்டை எரிஞ்ச ரயர் மாதிரி மணக்கும். அதைத் தோய்ச்சவள் நான். ரொபின் ஓட்டின காலத்தில வந்த வேனுக்குள்ள அந்த மணம் வந்ததா? அந்த ஒரு நாளைத் தவிர?"

நான் தயிரை ஊற்றிக் குழைத்தேன்.

பின்னேரம் பனிச்சையடிக்குப் போனேன். ஹெதர் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே பார்த்துத் தமிழில் சத்தமாகச் சொன்னாள்.

"அண்ணன், டீசல் முதலாளி வந்திரிக்கார். நம்மட தண்ணி வாளியையும் அளப்பார் போல!"

ரொபின் பள்ளிக்கூட வேனின் கிழிந்த இருக்கையைத் தைத்துக்கொண்டு இருந்தான். தலை நரைத்திருந்தது. நான் வந்த விசயத்தைச் சொன்னேன். பிரேக் புகைந்ததைச் சொல்லவில்லை. படம் ஆடுகிறது என்று மட்டும் சொன்னேன்.

"மணந்ததா?" என்று கேட்டான்.

"கொஞ்சம்."

ஊசியைத் துணியில் குத்தி வைத்தான். "வாறன். ஆனா இறங்கிறது என்ர கியர்ல. நீங்க பின்னால இருக்கணும், வாயத் திறக்க ஒண்ணா."

"சரி. நாளைக்கு டீசல் அளக்கல்ல, போதுமா?"

"இல்ல முதலாளி, அளங்க." அவன் குரல் அப்போதுதான் கொஞ்சம் இறுகியது. "வாய்மட்டம் அடிச்சு அளங்க. ஒரு லீற்றர் கூடினாலும் என்ர காசில வெட்டுங்க. கூடல்லெண்டா, அண்டைக்கு வெட்டினது ஆருட பிழைக்கு எண்டு நீங்களே சொல்லுங்க."

"அப்பிடிச் சொன்னா உனக்கு என்ன வரும்?"

"மலை வரும்" என்றான்.

டீசல் விசயத்தில் நான் ஒருநாளும் தோற்றதில்லை.

அடுத்த நாள் விடியப் புறப்பட்டோம். அதே வேன், காலையிலேயே புது லைனர் போடுவித்திருந்தேன் என்று எழுத ஆசைதான். போடவில்லை, நேரம் இல்லை. முதல் நாள் புகைந்த அதே லைனர்தான். ரொபின் ஏறும் முன் நாலு சில்லையும் சுற்றி வந்தான். இருக்கையில் இருந்து பிரேக்கை மூன்று தரம் அமத்திப் பார்த்தான். செங்கலடி, கரடியனாறு, மகா ஓயா என்று போய் மகியங்கனையில் நிற்பாட்டினான். ஒரு தேங்காய் வாங்கி வேனுக்கு முன்னால் உடைக்கச் சொன்னேன். "உங்கட சாமி, நீங்க உடைங்க. நான் ஏறக்குள்ள குருசு போடுறன்" என்றான். இரண்டும் நடந்தது.

ஏறினோம். ரொபின் உச்சிக்குப் போய் வேனைத் திருப்பி நிற்பாட்டினான், உடனே இறங்கவில்லை. அரை மணித்தியாலம் காத்திருந்தான். அஜந்தா மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் பொறுங்க தங்கச்சி. கண்டிப் பக்கம் இப்ப மழைக்காலம். அங்கத்த முகில் உச்சி தாண்டி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். கீழ இறங்காது, வெயில் பட்டுக் கரைஞ்சிடும். அது தொடங்கக்குள்ள நாம இறங்கணும். அப்ப உங்கட படத்தில முகிலும் எங்களோட இறங்கிற மாதிரி இரிக்கும்."

சொன்ன மாதிரியே முகில் மலையின் தோளில் வந்து சரிந்தது. ரொபின் இரண்டாம் கியரைப் போட்டான்.

"ஏறின கியர்லேயே இறக்கிறன்" என்று எனக்குக் கேட்கச் சொல்லிவிட்டு நகர்த்தினான்.

நான் பின்னிருக்கையில் இருந்து அவன் காலைத்தான் பார்த்தேன். வலது கால் பிரேக்கில் இல்லை. கீழே தரையில் சும்மா இருந்தது. எஞ்சின் ம்ம்ம் என்று அடித்தொண்டையில் இரைந்து வேனைப் பிடித்து வைத்திருந்தது. எருமை பாரவண்டியைச் சரிவில் பிடித்துக்கொண்டு இறங்குமே, அந்த மாதிரி. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் ஒருதரம் பிரேக்கைத் தொட்டான், விட்டான். வேன் குனியவே இல்லை. கீழே நாங்கள் போகப்போகிற பாதை, அதற்குக் கீழே இன்னொரு பாதை, அதற்கும் கீழே காய்ந்த மானாப்புல்லும் மகாவலி வெளியும். எங்கள் வயல் வட்டைகள் தண்ணீர் கட்டி நிற்கிறபோது தெரிகிற மாதிரி, அந்த வெளிக்கு நடுவில் குளங்கள் வெயிலில் மின்னின. நாற்பது தரம் அந்த மலையில் இறங்கியிருப்பேன். வளைவையும் பிரேக்கையும் பார்த்தேனே தவிர, அந்தக் குளங்களை ஒருநாளும் கண்டதில்லை.

ஒரு இடத்தில் ரொபின் பழைய பழக்கத்தில் வாயெடுத்தான். "இப்ப இடது பக்கம்..."

"அண்ணன், சத்தம் விழும்!" என்றாள் அஜந்தா.

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு பார்க்க வேண்டிய இடம் வரும்போது இடது கையில் ஒரு விரலை மட்டும் தூக்கினான். ஐந்து எண்ணினால் மரம் விலகியது. இத்தனை வருசமாக அந்த மரங்கள் வளர்ந்திருக்கும்தானே, விரல் பிசகவில்லை.

சோளக் கடையில் வேனைக் கண்டதும் அந்தப் பொம்பிளை வாளியோடு எழும்பினாள். ரொபின் கைகாட்டி இருக்கச் சொன்னான். நான் இறங்கி, ஒருவரும் பார்க்காத பக்கம் போய், பின்சில்லு ரிம்மில் கையை வைத்தேன். எடுக்கத் தேவையில்லாமல் இருந்தது. கொஞ்சம் சூடு, காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி மாதிரி. முகர்ந்தும் பார்த்தேன். அவித்த சோளம்தான் மணந்தது.

இருந்தாலும் எனக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. எஞ்சின் இரைந்தால் டீசல் எரிந்துதானே ஆக வேண்டும். அளவில் பிடிப்பேன் என்று இருந்தேன்.

பின்னேரம் பட்டணத்துக்கு வந்து அதே நிரப்பு நிலையத்தில், அதே இடத்தில் வேனை நிற்பாட்டினோம். முதல் நாள் நான் ஓட்டினதுக்கு முப்பத்தொன்றரை லீற்றர் பிடித்தது. ஓடிய தூரம் இரண்டு நாளும் ஒன்றுதான். குழாயை நானே பிடித்தேன். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. இருபத்தொன்பதே முக்காலில் வாய் தளும்பியது.

"காத்துப் பிடிச்சிரிக்கும்" என்றேன். வேனைப் பிடித்து ஆட்டினேன். அஜந்தாவையும் ஆட்டச் சொன்னேன். டீசல் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. மறுகா ஊற்றினேன், நிலத்தில் வழிந்தது. வழிந்த டீசலின் காசும் எனக்குத்தான்.

பெடியனாக இருந்தபோது தயிர்ச் சட்டியை எண்ணிப் பழகினவன் நான். எண்ணிப் பார்த்தது பிழை என்று சொல்லிச் சமாளிக்க எனக்கு வராது. ஒன்றே முக்கால் லீற்றர் குறைய. கியரில் இறங்கும்போது எஞ்சினைச் சுற்றுவது சில்லு, டீசல் இல்லை; டீசலும் மிச்சம், பிரேக்கும் மிச்சம். அப்படியென்றால் என் சட்டம் ஒருநாளும் ஒரு லீற்றரையும் மிச்சப்படுத்தவில்லை. அந்தச் சட்டத்துக்குப் பணிந்துதான் ரொபின் அன்றைக்கு நியூட்றலில் இறங்கினான். சட்டியை உடைத்தவன் நான்.

"ரொபின்" என்றேன். "பிழை என்னில."

அவன் தலையை ஆட்டினான். சந்தோசப்பட்ட மாதிரியும் இல்லை.

"அந்த வருசம் டீசல் என்ன விலை, முதலாளி?"

"லீற்றர் நூற்றி இருபத்தொண்டு." எனக்கு இதெல்லாம் பார்க்கத் தேவையில்லை.

"இப்ப?"

"இருநூற்றி எண்பத்தொன்பது."

"ம்" என்றான். காசை லீற்றராக்கி எண்ணச் சொல்கிறான் என்று எனக்கு விளங்கியது. ஆளை லீற்றரில் அளந்தவன் நான்.

அன்று பின்னேரமே கணக்குப் போட்டேன். அந்தக் காசுக்கு அன்றைக்கு முன்னூற்றுப் பத்து லீற்றர் டீசல் வாங்கியிருக்கலாம், ஒரு சின்னச் சொட்டுக் குறைய. சொட்டை நான் விட்டுக்கொடுத்தேன். முன்னூற்றுப் பத்து லீற்றர் இன்றைய விலைக்கு எண்பத்தொன்பதாயிரத்து ஐந்நூற்றித் தொண்ணூறு ரூபாய். காசைக் கட்டி எடுத்துக்கொண்டு அடுத்த நாள் காலை பனிச்சையடிக்குப் போனேன்.

ரொபின் கதவடியில் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இஞ்ச வேணாம் முதலாளி. பேரை எங்க வச்சுக் கெடுத்தீங்களோ அங்க வச்சுத் தாங்க."

ஹெதர் உள்ளே இருந்து, "நானும் வாறன், சாறியை மாத்திட்டு" என்றாள்.

வேன் தரிப்பிடத்து வாகைமரத்தின் கீழ் மஜீட் ஹயர்க் கொப்பியோடு இருந்தார். ஏழெட்டுச் சாரதிமார் நின்றார்கள். நான் எந்தக் காலத்திலும் கூட்டத்தில் கதைக்கப் பயந்தவன் அல்ல. ஆனால் அன்றைக்கு முதலில் இருமிக்கொண்டேன்.

"மஜீட், ரொபின் பிரேக்கைத் தின்டான் எண்டு இவடத்த நிண்டு நான்தான் சொன்னன். தின்டது அவனில்ல. என்ர சட்டம் தின்டது. மலையில நியூட்றல்ல இறங்கச் சொன்னது நான். கியர்ல இறங்கினா டீசலும் குறையத்தான் போகுது. அளந்து பார்த்தவன் நான் சொல்றன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மஜீட் கண்ணாடியைக் கழற்றினார்.

"யா அல்லாஹ், கோணாமலையண்ணன் பிழை எண்டு சொல்லி நான் கேட்ட முதல் நாள் இது. ஆரும் போன்ல பிடிச்சீங்களா?"

எங்களோடு வந்த அஜந்தா பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அவளுடைய மலைப் படத்தின் கீழே 'சாரதி: ரொபின்' என்று எழுதியிருக்கிறாள். 'வேன்: கோணாமலை' என்று நான் சொல்லித்தான் சேர்த்தாள்.

"கையை நீட்டு" என்றேன் ரொபினிடம்.

நீட்டினான். ஸ்ரியறிங் பிடித்துத் தழும்பேறின கை. ஐயாயிரம் ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக வைத்து, எல்லோருக்கும் கேட்க எண்ணினேன். ஐயாயிரம், பத்தாயிரம், பதினையாயிரம். முப்பத்தேழாயிரத்து ஐந்நூறைத் தாண்டினதும் சாரதிமார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் நிற்பாட்டவில்லை. பதினேழு தாள், எண்பத்தையாயிரம். அதற்கு மேல் ஆயிரம் ரூபாய்த் தாள் நாலு.

மஜீட் கொப்பியைப் புரட்டினார். "ரொபின், வாற சனிக்கிழமை கண்டிக்கு ஒரு ஹயர் இரிக்கி. பதினெட்டு வளைவால போகணும். கல்யாணச் சோடி, படம் பிடிக்கணுமாம். போறியாப்பா?"

"பொறு மஜீட்" என்றான் ரொபின், கையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதலாளி எண்ணி முடிக்கட்டும்."

ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று வைத்தேன். ஐம்பது ஒன்று. இருபது ஒன்று. கடைசி இருபது சட்டைப்பையின் அடியில் மடிந்து கிடந்தது. அதை எடுத்து, விரலால் நீவி நேராக்கி, விரிந்திருந்த அந்தக் கையில் மற்றத் தாள்களுக்கு மேலே வைத்தேன்.